வினாவும் நோயாளியும்: மருத்துவ அநுமதிப் பரீட்சைப் பயிற்சி குறித்த ஓர் ஒழுக்கவியல் நோக்கு

பரீட்சை என்பது கற்றவர் ஒருவரின் அறிவை அளவிடும் கருவி என்பது பொதுக் கருத்து. பெரும்பாலான பரீட்சைகளைப் பொறுத்தவரை இக்கருத்திற் பிழையில்லை. வரலாற்றுப் பரீட்சையிற் சித்தியெய்தத் தவறும் மாணவர் இழப்பது தமது ஓராண்டையே. சோழர் காலத்து நிகழ்ச்சியொன்றை அவர் பிழையாக எழுதியமையால் வேறெவரும் துன்புறுவதில்லை. மருத்துவத் தொழில் அநுமதிப் பரீட்சை இவற்றினின்றும் வேறுபட்டது. அதன் விளைவை அநுபவிக்கப்போகும் பிரதான மனிதர் பரீட்சை மண்டபத்தில் இருப்பதில்லை. அவர், என்றோ ஒருநாள் எங்கோ ஒரு வைத்தியசாலையில், முன்பின் அறியாத ஒருவரிடம் தமது உடலை ஒப்படைக்கப்போகும் நோயாளி. வைத்தியரைச் சோதித்துப் பார்ப்பதற்கான அறிவோ அவகாசமோ அவரிடம் இல்லை. அவருடைய இடத்தில் நின்று சமூகம் அச்சோதனையை முற்கூட்டியே நடத்துகின்றது. ஆகவே இப்பரீட்சை ஓர் அளவுகோல் மாத்திரமன்று. அறிமுகமற்ற ஒருவருக்கு அளிக்கப்படும் வாக்குறுதியுமாகும்.

இவ்வாறு நோக்குமிடத்து, இப்பரீட்சைக்கு ஒருவர் எவ்வாறு ஆயத்தஞ் செய்கிறார் என்பது கற்றல் உத்தி பற்றிய விடயமாக மட்டும் நின்றுவிடாது, ஒழுக்கவியல் விடயமாகவும் ஆகின்றது. அண்மைக் காலத்தில் இவ்வாயத்தத்தின் பிரதான கருவியாகக் கணினிவழி இசைவாக்கப் பயிற்சி வினாக்கள் இடம்பெற்றுள்ளன. இக்கருவி மாணவரை நல்ல வைத்தியராக்குகின்றதா, அன்றி நல்ல பரீட்சார்த்தியாக மட்டும் ஆக்குகின்றதா என்பதே இங்கு ஆராயப்படும் வினாவாகும். ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவ அநுமதிப் பரீட்சை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது. பயிற்சி வினா முறை மிகப் பெரிதாக வளர்ந்திருப்பது அங்கேயாகும். அன்றியும், இலங்கைப் பட்டதாரிகள் உட்படப் பிறநாட்டு மருத்துவர் பலர் அந்நாட்டிற் பயிற்சிபெற விரும்பித் தோற்றும் பரீட்சையும் அதுவேயாகும்.

இப்பரீட்சையின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். 1910 இல் ஏபிரகாம் பிளெக்ஸ்னர் ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலுமிருந்த 155 மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, ஆய்வுகூடமும் நோயாளர் விடுதியும் இன்றியே வைத்தியர்கள் உருவாக்கப்பட்டு வந்த நிலையை வெளிப்படுத்திற்று. 1915 இல் மருத்துவப் பரீட்சகர் தேசிய சபை அமைந்தது. அது நடத்திய தொடக்ககாலப் பரீட்சைகளிற் கட்டுரை வினாக்களோடு நோயாளியைப் பரிசோதிக்கும் பகுதியும் இருந்தது. ஒரு பரீட்சகர் போல் மற்றவர் புள்ளியிடுவதில்லை என்பதும், ஒருவருக்கு எளிய நோயாளியும் மற்றவருக்குச் சிக்கலான நோயாளியும் வாய்ப்பதுண்டு என்பதும் அம்முறையின் குறைகளாகக் காணப்பட்டன. 1950 களிற் பல்தேர்வு வினாக்கள் கட்டுரை வினாக்களின் இடத்தைப் பெற்றன. 1992 இல் இன்றுள்ள மூன்று படிகளைக் கொண்ட பொதுப் பரீட்சை தொடங்கிற்று. எனவே பல்தேர்வு வினா சோம்பலினாற் புகுந்ததன்று. நியாயத்தை வேண்டிப் புகுந்தது. அதனைக் குறைகூற முற்படுவோர் இதனை மறத்தலாகாது.

இனி, இசைவாக்க வினா யாதெனக் காண்போம். இசைவாக்கம் என்னும் சொல்லை நாம் உயிரியலிற் பயின்றுள்ளோம். உயிரி தனது சூழலுக்கு ஏற்ப அமைந்துகொள்வதை அது குறிக்கும். இங்கோ மாணவருக்கு ஏற்ப வினாக்களே அமைந்துகொள்கின்றன. சரியாக விடையளித்தால் அடுத்து வருவது சற்றுக் கடினமானது. பிழையாக விடையளித்தாற் சற்று எளிதானது. இக்கருத்து முற்றிலும் புதியதன்று. பிரான்சிய உளவியலாளர் அல்பிரட் பினே 1908 இல் திருத்தியமைத்த நுண்மதி அளவுகோலில் வினாக்கள் வயதுப்படி ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தன. பிள்ளையின் விடைகளை நோக்கிப் பரிசோதகர் மேலோ கீழோ செல்ல முடிந்தது. 1960 இல் டென்மார்க்கின் கணிதவியலாளர் ஜோர்ஜ் ராஷ் வெளியிட்ட நூல், வினாவின் கடினத்தையும் விடையளிப்பவரின் ஆற்றலையும் ஒரே அளவுகோலில் வைத்து நோக்க வழிசெய்தது. இவ்விரண்டும் சமமாயிருக்கும்போது சரியான விடை கிடைப்பதற்கான நிகழ்தகவு அரைவாசியாகும். அந்நிலையிலேயே ஒரு விடை அம்மனிதரைப் பற்றி மிகக்கூடிய தகவலைத் தருகின்றது. ஆதலால் இம்முறையிற் பயிலும் மாணவர், கெட்டிக்காரராயினும் பின்தங்கியவராயினும், தமது அறிவு முடிந்து அறியாமை தொடங்கும் எல்லையிலேயே எப்பொழுதும் நிறுத்தப்படுகிறார்.

பயிற்சிக் கருவிகள் இதனோடு நிற்பதில்லை. மாணவர் எப்பாடத்தில் அடிக்கடி தவறுகிறார் என்பதைக் கணக்கிட்டு அப்பாடத்து வினாக்களைக் கூடுதலாக வழங்குகின்றன. மறக்கக்கூடியவற்றைக் குறித்த இடைவெளியில் மீண்டும் முன்வைக்கின்றன. இதற்கு அடிப்படையான மறதி வளைகோட்டை எபிங்ஹவுஸ் என்னும் ஜேர்மானியர், பொருளற்ற அசைகளைத் தாமே மனனஞ் செய்து ஆராய்ந்து, 1885 இல் வெளியிட்டிருந்தார். இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ளல் வேண்டும். அமெரிக்காவிலே தாதியருக்கான அநுமதிப் பரீட்சையே 1994 முதல் இசைவாக்க முறையில் நடத்தப்படுகின்றது. மருத்துவர்களுக்கான பரீட்சையின் முதலிரு படிகளும் அத்தகையன அல்ல. முன்னரே தொகுக்கப்பட்ட வினாக்களே அங்கு தரப்படுகின்றன. அதாவது, மருத்துவ மாணவரின் பயிற்சி அவருக்கு இசைகின்றது, பரீட்சை இசைவதில்லை.

இம்முறையின் சிறப்பை முதலில் ஏற்றுக்கொள்வோம். பாடநூலை மீண்டும் மீண்டும் வாசிக்கும் மாணவருக்குச் சொற்கள் பழக்கமாகின்றன. பழக்கத்தை அவர் அறிவென மயங்குகிறார். 2006 இல் ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரு உளவியலாளர் வெளியிட்ட பரிசோதனையில், ஒரு பகுதியினர் பந்தியொன்றை மீளவும் வாசித்தனர். மற்றப் பகுதியினர் அதனை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தனர். ஐந்து நிமிடத்தின் பின் வாசித்தவர்களே முன்னின்றனர். ஒரு வாரத்தின் பின் வாசித்தவர்கள் 42 சதவீதத்தையும் எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதத்தையும் நினைவுகூர்ந்தனர். இதனைத் தொடர்ந்து நடத்திய மற்றொரு பரிசோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்களே தமது நினைவில் மிகுந்த நம்பிக்கை கொண்டிருந்தனர் என்பதும் புலனாயிற்று. தன்னம்பிக்கை மிகுந்த இடத்தில் அறிவு குறைந்திருந்தது என்பதே இதன் பொருள்.

மருத்துவத்தில் இந்நிலை ஆபத்தானது. அறியாத வைத்தியர் நூலைப் பார்ப்பார், மூத்தவரைக் கேட்பார், வேறிடத்துக்கு அனுப்பிவைப்பார். தாம் அறியாததை அறியாத வைத்தியரோ இவற்றில் ஒன்றையும் செய்யார். தமது அறியாமையை அறிவதே அறிவின் தொடக்கம் எனச் சோக்கிரதீஸ் ஏதென்ஸ் நகர வீதிகளில் வலியுறுத்தினார். அதன்பொருட்டு அவர் பலரின் வெறுப்புக்கும் ஆளானார். பயிற்சிப் பொறியோ எவரையும் நாணச் செய்யாமல், நள்ளிரவிலும் அலுக்காமல், அதே பணியை ஆற்றுகின்றது. ஆகவே இப்பொறி மாணவருக்கு வழங்கும் முதல் நன்மை புள்ளியன்று. தம்மைப் பற்றிய உண்மை.

ஆயின் இவ்வுண்மை முழுமையானதா? இங்கேதான் முதலாவது இடர் எழுகின்றது. ஐந்து விடைகள் தரப்பட்ட வினாவில், ஒன்றுமே அறியாதவரும் ஐந்தில் ஒரு தடவை சரியான விடையைத் தொடலாம். இரண்டை நீக்கத் தெரிந்தவருக்கு வாய்ப்பு மூன்றில் ஒன்று. பிளேற்றோ தமது ‘மெனோ’ உரையாடலில் இதனையொத்த பிரச்சினையை எழுப்புகிறார். லாரிசா நகருக்கான வழியை அறிந்தவரும், அறியாது சரியாக ஊகித்தவரும் நம்மை அவ்வூருக்கே கொண்டுசேர்ப்பர். அவ்வாறாயின் அறிவு எவ்வகையில் உயர்ந்தது? சரியான அபிப்பிராயம் நிலைத்து நில்லாது. காரணத்தாற் பிணிக்கப்படும்போதே அது அறிவாகின்றது என்பது அங்கு தரப்படும் விடை. பயிற்சிப் பொறி இவ்விரண்டுக்குமிடையே வேறுபாடு காணமாட்டாது. ஊக விடைகளுக்காகப் புள்ளிவிபரவியல் பொதுவானதொரு கழிவைச் செய்யலாம். எனினும், இந்த மாணவர் இந்த வினாவின் விடையை அறிந்தாரா ஊகித்தாரா என்பதை அவர் ஒருவரே அறிவார். பொறி பச்சை நிறத்தைக் காட்டிப் பாராட்டும் அக்கணத்தில், “இதனை நான் அறிந்திருக்கவில்லை” எனத் தமக்குத்தாமே ஒப்புக்கொள்வதா, பாராட்டை ஏற்று அப்பாற் செல்வதா என்னும் தெரிவு அவருக்கு ஏற்படுகின்றது. எவரும் காணாத இடத்தில் நிகழும் இத்தெரிவு அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால் பிற்காலத்தில், நோயாளி எவ்வாறோ குணமடைந்துவிட, தமது நோய்நிர்ணயம் சரியாயிருந்ததா என மீளவும் ஆராய்கின்ற வைத்தியரும் ஆராயாத வைத்தியரும் இக்கணங்களிலேயே உருவாகின்றனர்.

இரண்டாவது இடர் நோக்கத்தின் திரிபாகும். “நான் எதனை அறியேன்?” என்னும் வினாவோடு பயிற்சியைத் தொடங்குபவர், சில வாரங்களில் “எனக்கு எத்தனை புள்ளி கிடைக்கும்?” என்னும் வினாவுக்கு வந்துவிடுகிறார். அளவீடு இலக்காக மாறும்போது அது நல்ல அளவீடாக இருத்தல் ஒழிகின்றது என்னும் கருத்து, 1975 இல் ஆங்கிலப் பொருளியலாளர் சாள்ஸ் குட்ஹார்ட் நாணயக் கொள்கை பற்றிக் கூறியதிலிருந்து பிறந்து, இன்று கல்வித்துறையிலும் வழங்குகின்றது. அமெரிக்கப் பரீட்சையின் முதற்படியிற் பெற்ற எண்ணைக் கொண்டே வைத்தியசாலைகள் பயிலுநரைத் தெரிவுசெய்யும் நிலை வளர்ந்தது. இதனை மாற்றும் பொருட்டு 2022 சனவரி முதல் அப்படிக்குச் சித்தி, சித்தியின்மை என்னும் பெறுபேறு மட்டுமே வழங்கப்படுகின்றது. போட்டி நீங்கவில்லை, எண் வழங்கப்படும் இரண்டாம் படியை நோக்கி அது நகர்ந்தது. இத்திரிபின் கடைநிலை, நோயை அறியாது வினாவை மட்டும் அறிதலாகும். 2024 சனவரியில் இப்பரீட்சையை நடத்துவோர், நேபாளத்துடன் தொடர்புடைய ஒரு தொகுதிப் பரீட்சார்த்திகளின் பெறுபேறுகளை, அவற்றில் இயல்புக்கு மாறான பாங்கு காணப்பட்டதாகக் கூறிச் செல்லாதனவாக்கி, மீண்டும் தோற்றுமாறு பணித்தனர். இதனை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. ஒரு நாட்டுடன் தொடர்புடையோரைத் தொகுதியாக ஐயுறுவதன் நியாயம் தனியே ஆராயத்தக்கது. இங்கு நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று: வினா வெளியே கசியும்போது ஏமாற்றப்படுபவர் பரீட்சகர் மட்டுமல்லர், வாக்குறுதியை நம்பிய நோயாளியுமாவார்.

மூன்றாவது இடர் ஆழமானது. அது ஏமாற்றும் எண்ணம் சிறிதுமில்லாத நேர்மையான மாணவரையும் சாரும். ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். பயிற்சி வினா பின்வருமாறு அமையலாம்: அறுபத்திரண்டு வயதுப் பெண், நீண்டகாலமாக நீரிழிவு உடையவர், இரண்டு மணித்தியாலமாக மேல்வயிற்றில் அசௌகரியம், வியர்வை, குமட்டல், இதய மின்வரைபின் இரண்டாம், மூன்றாம், ஏவிஎஃப் தடங்களில் எஸ்.ரீ. பகுதி உயர்ந்துள்ளது, நோய் யாது? இதயத்தின் கீழ்ச்சுவரைத் தாக்கிய மாரடைப்பு எனப் பயின்ற மாணவர் சில கணங்களில் விடைகூறுவார். ஆனால் இப்பெண் நேரில் வரும்போது அவ்வாறு வருவதில்லை. தமக்கு அசீரணம் என்பார், நேற்றிரவு உண்ட உணவைக் குறைகூறுவார், நீரிழிவைச் சொல்ல மறப்பார், வியர்வையை வெயிலுக்குரியதாக்குவார். நெஞ்சுவலி இன்றியும் நீரிழிவு நோயாளருக்கு மாரடைப்பு வரலாம் என்பதை நினைத்து, உரியவற்றை வினவி, மின்வரைபை எடுக்க வேண்டும் எனத் தீர்மானிப்பதிலேயே வைத்தியரின் திறமை தங்கியுள்ளது. பயிற்சி வினாவில் அவ்வேலையை வினாவை ஆக்கியவர் செய்து முடித்துவிடுகிறார். தேவையற்றவை களையப்பட்டுள்ளன, விடை ஒன்று உண்டு என்பதும், அது ஐந்தனுள் அடங்கும் என்பதும் உறுதிப்படுத்தப்பட்டுள்ளன. மாணவர் விடைகூறப் பயில்கிறார். வினாவை உருவாக்கப் பயில்வதில்லை.

மருத்துவர் குணப்படுத்துவது பொதுவான ‘மனிதனை’ அன்று, கல்லியாஸ் என்னும் இந்தக் குறித்த மனிதனையே என அரிஸ்ரோட்டில் தமது பௌதிகவதீதத்தின் தொடக்கத்திற் கூறுகிறார். பொதுவிதியை அறிந்தும் தனிமனிதரை அறியாதவர் சிகிச்சையிற் தவறக்கூடும் என்பது அவர் கருத்து. வள்ளுவரின் ‘மருந்து’ அதிகாரமும் நோயை ஆராய்வதையும் அதன் காரணத்தை ஆராய்வதையும் முதலில் வைத்து, தணிக்கும் வழியைப் பின்னரே வைக்கின்றது. 1990 இல் அமெரிக்க மருத்துவக் கல்வியாளர் ஜோர்ஜ் மில்லர், வைத்தியத் திறனை நான்கு படிகளாக வகுத்தார்: அறிதல், எவ்வாறு என அறிதல், செய்துகாட்டல், உண்மையிற் செய்தல். எழுத்துவினா முதலிரு படிகளையே எட்டக்கூடியது. நடிப்பு நோயாளரை வைத்து மூன்றாவதைச் சோதிப்பதற்காக 2004 இல் அமெரிக்கப் பரீட்சையிற் சேர்க்கப்பட்ட பகுதி, பெருந்தொற்றுக் காலமான 2020 இல் நிறுத்தப்பட்டு, 2021 சனவரியில் முற்றாகக் கைவிடப்பட்டது. அப்பொறுப்பு மருத்துவக் கல்லூரிகளிடமே விடப்பட்டது.

இம்மூன்று இடர்களுக்கும் பொதுவானதோர் அடிப்படை உண்டு. இசைவாக்கப் பயிற்சியில் உலகம் மாணவரைச் சுற்றி அமைக்கப்படுகின்றது. அவருடைய குறை, அவருடைய வேகம், அவருடைய தரம் ஆகியவற்றுக்கேற்பவே அடுத்த நோயாளி தோன்றுகிறார். நோயாளர் விடுதியிலோ நிலை தலைகீழானது. வைத்தியர் இருதயவியலில் வலிமை குறைந்தவர் என்பதற்காக அன்றிரவு இருதய நோயாளிகள் வராதிருக்கப் போவதில்லை. அவர் களைத்திருப்பதால் நோய்கள் எளிதாகப் போவதுமில்லை. அங்கு இசைவாக்கம் அடைய வேண்டியவர் வைத்தியரே: நோயாளியின் மொழிக்கும், அச்சத்துக்கும், மௌனத்துக்கும், வறுமைக்கும் இசைய வேண்டியவர் அவர். தமக்கு இசையும் உலகில் ஈராண்டு பயின்றவர், தம்மால் இசைக்க முடியாத உலகினுள் நுழையும்போது, நோயாளியை ஒழுங்காக ஆக்கப்படாத ஒரு வினாவாகக் கண்டு எரிச்சலுறுதல் கூடும். அந்த எரிச்சலே நாம் அஞ்ச வேண்டியது.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். எழுத்துப் பரீட்சை எல்லாவற்றையும் கற்பிக்க வந்ததன்று. எஞ்சியதை விடுதிப் பயிற்சி பார்த்துக்கொள்ளும். கடன்பட்டுக் கட்டணஞ் செலுத்தி, ஒரு பெறுபேற்றில் எதிர்காலம் முழுவதையும் வைத்திருக்கும் இளைஞருக்கு ஒழுக்கம் போதிப்பது எளிது என்பது அம்மறுப்பு. இதில் உண்மை உண்டு. பரீட்சையிற் சித்தியடையாதவர் எந்த நோயாளிக்கும் பயன்படப் போவதில்லை. ஆதலாற் பொறியை விலக்குமாறு நாம் கூறவில்லை. அதனைக் கையாளும் மனநிலையையே வினவுகின்றோம். விடுதிப் பயிற்சி எஞ்சியதைப் பார்த்துக்கொள்ளும் என்பதும், விடுதிக்குச் செல்ல வேண்டிய மாலைப்பொழுதுகளைப் பயிற்சி வினாக்கள் விழுங்காதவிடத்தே மெய்யாகும்.

அம்மனநிலையைப் பேண நான்கு பழக்கங்கள் உதவும். முதலாவது, தரப்பட்ட ஐந்து விடைகளையும் மறைத்துவிட்டுத் தாமே விடைகூறிய பின்னர் அவற்றை நோக்குதல்; நோயாளி தெரிவுகளோடு வருவதில்லை. இரண்டாவது, ஊகித்துப் பெற்ற சரியான விடையைப் பிழையெனவே கொண்டு மீளக் கற்றல். மூன்றாவது, பிழைத்த வினாவின் விளக்கத்தை வாசிக்குமுன், அவ்விடையைச் செயற்படுத்தியிருந்தால் அந்நோயாளிக்கு என்ன நேர்ந்திருக்கும் எனச் சிந்தித்தல். நான்காவது, பகலில் விடுதியிற் கண்ட ஒரு நோயாளியின் வரலாற்றை, பெயரும் அடையாளமும் நீக்கி, இரவில் ஒரு வினாவாகத் தாமே எழுதிப் பார்த்தல். எதனைச் சேர்ப்பது, எதனைத் தள்ளுவது என்று அப்போது எழும் இடர்ப்பாடே, வினாவை ஆக்குபவர் இதுவரை நமக்காகச் செய்துவந்த வேலை யாதென உணர்த்தும்.

இவ்விடயம் எமக்குத் தூரத்து விடயமன்று. வெளிநாட்டிற் பட்டம் பெற்ற இலங்கையர் இங்கு பணியாற்றவும் இலங்கை மருத்துவ சபையின் பதிவுப் பரீட்சையிற் சித்தியெய்தல் வேண்டும். இங்குள்ள மருத்துவ பீடங்களிலும் கற்பதும் பரீட்சை எழுதுவதும் ஆங்கிலத்திலேயாகும். நோயாளி பேசுவதோ தமிழில் அல்லது சிங்களத்தில். 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கரான சாமுவேல் பிஸ்க் கிறீன், தம் மாணவருக்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் தலைப்பட்டு, நூல்களையும் தமிழாக்குவித்தார். கிராமங்களில் தமிழ் பேசும் மக்களிடையே பணியாற்றப் போகிறவர்களுக்கு அம்மக்களின் மொழியிலேயே நோயறிவு இருத்தல் வேண்டும் என்பதே அம்முயற்சியின் உட்பொருள். நோயாளியின் கூற்றுக்கும் வைத்தியரின் கலைச்சொல்லுக்குமிடையிலான பாலத்தைக் கட்டுவதும் வைத்தியத்தின் ஒரு பகுதியே. “நெஞ்சுக்குள்ளே என்னவோ செய்கிறது” என்னும் கூற்று எந்தப் பயிற்சி வினாவிலும் அவ்வடிவில் இடம்பெறுவதில்லை. ஆயினும் வைத்தியரின் வாழ்நாள் முழுவதும் அவரிடம் கேட்கப்படும் வினா அவ்வடிவிலேயே வரும்.

ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இவ்வாறு விடைகூறலாம். இசைவாக்கப் பயிற்சி ஒருவரை நல்ல வைத்தியராகவோ வெறும் பரீட்சார்த்தியாகவோ தானாக ஆக்குவதில்லை. தமது அறியாமையை அறிவதற்காக அதனை நாடுபவருக்கு அது உண்மையைக் கூறும். தமது பெறுபேற்றை அறிவதற்காக மட்டும் நாடுபவருக்கு ஓர் எண்ணைக் கூறும். இரண்டும் ஒரே திரையில் ஒரே நேரத்தில் தோன்றுவதால் அவற்றைப் பிரித்தறிதல் கடினம். பிரித்தறிய விரும்பும் மாணவர், ஒவ்வொரு வினாவுக்கும் அப்பால், மண்டபத்துக்கு வெளியே காத்திருக்கும் அந்த முகமறியா நோயாளியை நினைவிற் கொள்ளல் வேண்டும். வாக்குறுதி அளிக்கப்பட்டது அவருக்கே.